திரைக்குள்ள ஒரு ஊரு

எங்க ஊரு மலைக்குள்ள 50,000 டன் இரும்பு இருக்கு. தகடு தகடா, 150 அடுக்குக்கு மேல அடுக்கி, அதுக்குக் காந்தம் ஏத்தி வச்சிருக்கு. மலையில போய்த் தேடினா ஒரு ஆணி கூட அகப்படாது. இரும்பு அத்தனையும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு.

பொட்டிப்புரம் என்கிற பெயர் வெளியூர்க்காரர்கள் காதில் விழுந்ததே நியூட்ரினோவால்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அம்பரப்பர் மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம், சுரங்கத்தின் முடிவில் குகை, குகைக்குள் அந்த இரும்பு. மலையையும் மனுசனையும் ஊடுருவிக்கொண்டு, ஏறக்குறைய எதையுமே தீண்டாமல் போகிற ஒரு துகளைப் பிடிப்பதற்கு இத்தனை ஏற்பாடு. (தீண்டாமல் போவதை ஆராய்ச்சி பண்ண எங்க ஊரைத் தேடி வந்திருக்கிறார்களே என்று எங்க தெருவில் கேலி பேசிக்கொண்டதுண்டு.) மேய்ச்சல் போகும், தண்ணீர் போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு நடந்தது. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இதை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

மலைக்குள் கட்ட முடியாததை விஞ்ஞானிகள் எப்போதோ கம்ப்யூட்டருக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். பல நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் கூடி, ஐரோப்பாவில் செர்ன் ஆய்வகத்தைச் சுற்றி உருவான ஜியான்ட் 4 என்கிற மென்பொருளை வைத்து, தகடு தகடாக அந்தக் கருவியை எழுதினார்கள். அதற்குள் பொய்த் துகள்களை ஏவி, அவை வளைந்து போகிற தடத்தைக் கணக்குப் பண்ணி, ஆய்வுக் கட்டுரைகளும் போட்டார்கள். மதுரைக்குப் பக்கத்தில் வடபழஞ்சியில் நிஜ இரும்பில் செய்தது 85 டன் மட்டும்; அது மாதிரிக்கு. மீதியெல்லாம் சிமுலேஷன். பல பேர் பல ஊரிலிருந்து ஒன்றுகூடிக் கட்டுகிற மெய்நிகர் உலகம் என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் ஒன்று எங்க மலையின் பேரில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மலைக்குக் கீழே இருந்த எங்களுக்கு அது தெரியாது.

அந்த உலகத்தில் மலை, மேலே மூடியிருக்கிற பாறையின் கணக்காக இருந்தது. மாடு மேய்க்கிறவன் இல்லை. நியூட்ரினோவைக் கணக்குப் பண்ண மாடு மேய்க்கிறவன் தேவையில்லை, அது நியாயம்தான். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் எனக்கு அது புரியும். எதைச் சேர்க்கணும், எதை விடணும் என்று முடிவு பண்ணுவதுதான் என் பொழப்பே. விட்டுப்போன ஆள் ஒருநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து "இது எங்க மேய்ச்சக்காடு" என்று நிற்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

என் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி. விடியக்கருக்கலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து மலைக்குப் போய், காய் எடுத்துவிட்டு இருட்டினபிறகு இறங்கி வந்த காசில்தான் நான் இஞ்சினியரிங் படித்தேன். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில், ஆட்கள் பொம்மை உருவத்தோடு கூடிப் பேசுகிற, கூடி வேலை பார்க்கிற முப்பரிமாண அறைகளைக் கட்டுகிறோம். அந்தப் பொம்மை உருவத்துக்கு இந்தத் தொழிலில் பெயர் 'அவதார்'.

அவதாரம்! இந்தச் சொல் எப்படி இங்கே வந்து ஏறியது என்பது தனிக்கதை. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1986இல் 'ஹாபிடாட்' என்று ஒரு பட உலகத்தைச் சோதனைக்கு விட்டது. கமடோர் 64 என்கிற சின்னக் கம்ப்யூட்டரும் ஒரு டெலிபோன் வயரும் இருந்தால் அதற்குள் போய்த் தெருவில் நடக்கலாம், கடையில் சாமான் வாங்கலாம், வேணுமென்றால் வேறொரு தலையே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டின சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் திரையில் நடமாடுகிற உருவத்துக்கு அவதார் என்று பெயர் வைத்தார்கள். மேலே இருக்கிற கடவுள் கீழே உருவம் எடுத்து இறங்குகிறார், அதுபோல மனுசன் திரைக்குள் இறங்குகிறான் என்று அர்த்தம். அவர்களுக்கு அது அழகான சொல். நமக்கு அப்படி இல்லை. 1873லேயே ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யில் இந்த அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்துவிட்டார். மீனாகவும் ஆமையாகவும் வந்தது கடவுள் அல்ல, படகேறி வந்து மண்ணைப் பிடித்தவர்கள் என்றார். வாமன அவதாரம் உழவர்களின் ராஜாவான பலியைக் கவிழ்த்த சூழ்ச்சி என்றார். இதில் வேடிக்கை, அந்தப் புத்தகத்தை அவர் காணிக்கையாக்கியது அமெரிக்க மக்களுக்குத்தான், நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்ததற்காக. நூறு வருசம் கழித்து அதே அமெரிக்காவிலிருந்து அவதாரம் கம்ப்யூட்டரில் ஏறி நமக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

மேலே இருக்கிறவனுக்குக் கீழே இறங்குவது விளையாட்டு. நினைத்தபோது ஏறிக்கொள்ளலாம். கீழேயே பிறந்து கிடக்கிறவனுக்கு எந்த அவதாரம் எடுத்தாலும் மைக்கை ஆன் பண்ணினவுடன் மாட்டிக்கொள்கிற பிறப்பு அது. எங்க கம்பெனியில் அறைகளைச் சோதித்துப் பார்க்க முதல் தடவை எல்லாரையும் உள்ளே விட்டோம். என்ன பெயர் வேணுமோ வைத்துக்கொள்ளலாம், புலியாகவோ ரோபோவாகவோ வரலாம் என்று சொல்லியிருந்தோம். ரோபோவாக வந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த ரோபோவின் தலைக்கு மேலே மிதந்த பெயர்ப்பலகையில் வாலாக ஒட்டியிருந்தது சாதிப் பட்டம். உடம்பைக் கழற்றி வைக்க முடிகிறது, அதைக் கழற்ற மனசில்லை. நான் ஒரு ஆட்டுக்கிடாய் உருவத்தில் போய், "எல்லாரும் வந்துட்டாய்ங்களா?" என்று வாய் தவறாமல் எங்க ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன். பக்கத்தில் நின்ற ரோபோ உடனே, "தேனியா? தேனியில எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா?" என்று கேட்டது. அந்த மூணாவது கேள்வியின் அர்த்தம் இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது எனக்கு மட்டும் நடக்கிற விசேசம் இல்லை. கலிபோர்னியா மாநில அரசே 2020 ஜூனில் சிஸ்கோ மேல் வழக்குப் போட்டது. ஒரு தலித் இஞ்சினியர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை மேல்சாதி அதிகாரி மற்றவர்களிடம் சொல்லிவிட்டார், அதிலிருந்து ஒதுக்கல் ஆரம்பித்தது என்பது குற்றச்சாட்டு. சிஸ்கோ மறுத்தது. 2023இல் அந்த இரண்டு அதிகாரிகள் மேலிருந்த வழக்கை அரசே வாபஸ் வாங்கிக்கொண்டது. 2022 ஏப்ரலில் கூகுள் ஊழியர்களுக்கு முன்னால் சாதி பற்றிப் பேச இருந்த தேன்மொழி சௌந்தரராஜனின் உரை, சிலர் எதிர்த்ததும் ரத்தானது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் கொண்டுவந்த அதேபோன்ற மசோதாவை அதே வருசம் அக்டோபரில் கவர்னர் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். கடல் தாண்டினாலும் சாதி வருகிறது என்பது பழைய செய்தி. உடம்பே இல்லாத இடத்துக்கும் வருகிறது என்பதுதான் நான் பார்த்தது.

ஆனால் கூட்டு உலகங்களைத் தொடங்கி வைத்தவர்கள் மேட்டிமைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1978இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதின 'மட்' என்கிற எழுத்து உலகம்தான் இதற்கெல்லாம் தாய். பார்ட்டில் உழைக்கும் குடும்பத்துப் பையன். பிறப்பை வைத்து ஆளை எடைபோடுகிற இங்கிலாந்து எரிச்சலூட்டியது, அதனால் பிறப்புச் செல்லாத ஒரு உலகத்தை எழுதினோம், அது ஒரு அரசியல் காரியம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருந்தாலும் அந்த உலகத்திலும் படிநிலை உண்டு. ஏறி ஏறிப் போனால் உச்சியில் இருப்பவருக்கு 'மந்திரவாதி' என்று பெயர். வித்தியாசம், ஏணி எல்லாருக்கும் பொது.

மந்திரவாதி என்றால் யார்? மற்றவர்கள் பேசத்தான் முடியும், அவர் உலகத்தையே மாற்றலாம், ஆளைத் தூக்கி வெளியே எறியலாம். 1990இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கின 'லாம்ப்டாமூ' உலகத்தில் மந்திரவாதிகள் ஒருகட்டத்தில், சமூகச் சண்டையெல்லாம் எங்க வேலையில்லை, நாங்கள் இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 1993இல் ஒருவன் நிரல் ஒன்றை ஏவி, மற்றவர்களின் பாத்திரங்களைப் பொது இடத்தில் பாலியல் வதை செய்தான். வெறும் எழுத்துதான். ஆனாலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிஜமாக அழுத பெண் உண்டு. ஊர் கூடிப் பேசியது, முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாளாக அவனை அழித்தார். அதற்குப் பிறகுதான் மனுக் கொடுத்து ஓட்டுப் போடுகிற முறையே அங்கே வந்தது.

எங்க தாத்தாவுக்கு இதை விளக்கியிருந்தால், "அது நம்ம கர்ணம்தான்" என்றிருப்பார். யார் பெயரில் எந்த நிலம் என்பது கர்ணத்தின் நோட்டில் இருந்தது. நோட்டைப் பார்க்கிற உரிமை நமக்குக் கிடையாது, அந்தப் பதவியோ பரம்பரை. 1980இல்தான் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. கம்ப்யூட்டர்த் தொழிலில் கர்ணத்துக்கு 'அட்மின்' என்று பெயர்.

இன்னொன்றையும் சொல்லணும். ஃபேஸ்புக், மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டு 2021 டிசம்பரில் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' உலகத்தைத் திறந்தது. அங்கேயும் பெண்கள் சீண்டப்படுவதாகப் புகார் வந்தது. 2022 பிப்ரவரியில் ஒரு எல்லையை வைத்தார்கள். ஒரு அவதாருக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஏறத்தாழ நாலடி இடைவெளி. கிட்டே வந்தால் நின்றுவிடும். செய்தியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலடி! எங்க மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றின தெருவில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. இதையும் அதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே தூரத்தை விதித்தவன் மேலே இருந்தவன். இங்கே சீண்டப்பட்டவளைக் காப்பாற்ற வந்தது, பின்னால் அவரவர் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் வசதி கொடுத்தார்கள். தூரம் என்கிற ஒரே சாமான் ஒருத்தன் கையில் தீண்டாமையாகவும் இன்னொருத்தி கையில் பாதுகாப்பாகவும் ஆகிறது. யார் கையில் திருகாணி இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். வெள்ளைக்காரச் சகபாடிகளோடு இதைப் பேசினால் சுவாரஸ்யமாகக் கேட்கிறார்கள். நம்ம ஆட்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். போன பொங்கலுக்குக் கம்பெனியில் ஒரு மெய்நிகர்த் தமிழ்க் கிராமம் கட்டுவது, அதில் எல்லா ஊழியர்களும் அவதாராக வந்து பொங்கல் வைப்பது என்று முடிவானது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து கட்டினோம். கோயில், தெப்பக்குளம், ஆலமரம், டீக்கடை, மாட்டுவண்டி எல்லாம் வந்தது. திண்ணையும் கோலமுமாக ஒரு அக்ரஹாரம் ரொம்ப அழகாக வந்தது. "நம்ம தெரு எங்கே?" என்று கேட்டேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கினதும், "பண்டிகைக்குக் கட்டுறோம், இதுல எதுக்குச் சாதி? இந்த உலகத்திலயாவது சாதி இல்லாம இருக்கட்டுமே" என்றார் சீனியர். அப்போ அக்ரஹாரம்? அது சாதி இல்லையாம். கட்டடக் கலையாம்.

இந்தப் பதிலைக் கேலி பண்ணிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதே பேச்சை இன்னொரு ஆளும் சொன்னான். என்னோடு வேலை பார்க்கிற நண்பன், விழுப்புரம் பக்கம், நம்ம ஆள். கம்பெனியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. காபி குடிக்கப் போனபோது, "வேணாம்டா. நிஜத்துலதான் ஊருக்கு வெளிய வச்சாங்க. காசு இல்லாம, செங்கல் இல்லாம ஒரு ஊரைக் கட்டுறோம், அதுலயும் நாமளே நம்மளக் கொண்டுபோய் ஊருக்கு வெளிய வைக்கணுமா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. தெருவை வைத்தால் தீண்டாமையைத் திரும்பக் கட்டின மாதிரி. வைக்காவிட்டால் அந்த ஊரில் நாங்கள் பிறக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி. ஊருக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கலாமே என்றால் அது யாரையும் உறுத்தாத பொய். அவன் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

கிராமம் தெரு இல்லாமலே திறக்கப்பட்டது. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"எந்த ஊருய்யா இது?"

"நம்ம பக்கத்து ஊரு மாதிரிதாம்மா."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தது. "மாடு நிக்குது, சாணி அள்ள ஆளக் காணோம். இம்புட்டு வீடு இருக்கு, தண்ணி எங்கன இருந்து வருது? செத்தா எங்கன கொண்டுபோய் வைப்பாய்ங்க?"

மூணு கேள்வி. மூணும் நாங்கள் வேலைத் திட்டத்தில் எழுதாதவை. சாணி அள்ள வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இந்த ஊரில் யாரும் சாக மாட்டார்கள் என்றேன். "அப்ப நம்ம வேலைக்கு அங்க அவசியமில்லேன்னு சொல்லு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது. கோபமா, சந்தோசமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்று ராத்திரியே பழைய லேப்டாப் ஒன்றில் லுவான்டியைப் போட்டேன். 2024 வரை மைன்டெஸ்ட் என்றிருந்ததே, அந்தக் கட்டற்ற மென்பொருள். மைன்கிராஃப்ட் மாதிரி கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், அட்மின் நாமே. நைரோபியில் கிபேரா குடிசைப் பகுதி மக்களை வைத்து ஐ.நா. வாழிட அமைப்பு மைன்கிராஃப்டிலேயே அவர்கள் மைதானத்தை வடிவமைக்க வைத்தது என்று படித்ததிலிருந்து எனக்கு இந்த ஆசை இருந்தது. அண்ணன் மகனுக்குப் பதிமூணு வயசு, என்னைவிட வேகமாகக் கட்டுகிறான். அம்மா பின்னால் உட்கார்ந்துகொண்டு வேம்பு அங்கன இல்ல இங்கன, குழாயடிக்குப் பக்கத்துல கல்லு, அந்தக் கல்லுல நாந்தான் துவைப்பேன் என்று சொல்லச் சொல்ல எங்க தெரு வந்தது. எங்க தெரு மட்டும். ஊரைக் கட்டவில்லை. ஊருக்கு வெளியே என்று சொல்வதற்கு அங்கே ஊரே கிடையாது. நண்பனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "தண்ணித்தொட்டி வை" என்று மட்டும் பதில் போட்டான்.

தெருவுக்குப் பலகை நட்டோம். என்ன எழுதுவது? ஊரில் சொல்வது காலனி. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், காலனி என்கிற சொல் வசைச்சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். பையன் யோசித்துவிட்டுப் பலகையைக் காலியாகவே விட்டான். அம்மாவைக் கேட்டால், "நம்ம தெருன்னு எழுது" என்றது. அப்படியே எழுதினோம்.

எங்க தெருவில் அம்பேத்கர் சிலை கிடையாது, சுவரில் படம்தான். இங்கே செலவில்லையே என்று நீலக் கட்டை அடுக்கி ஆளுயரத்துக்கு மூணு மடங்காகச் சிலை எழுப்பினோம். நான் சுற்றிலும் கம்பி அடுக்க ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கூண்டுக்குள் நிற்கிற சிலைகளைப் பார்த்துப் பழகின கை.

"கூண்டு எதுக்கு சித்தப்பா? இதுல யாரு வந்து ஒடைக்கப் போறாய்ங்க?"

போன மாசம் அவன் பள்ளிக்கூடப் பையன்களோடு மைன்கிராஃப்டில் கட்டின வீட்டை எவனோ ராத்திரி புகுந்து தரைமட்டமாக்கியதைக் கேட்டேன். இந்த விளையாட்டுகளில் அதற்கென்றே கிரீஃபிங் என்று பெயர் உண்டு. கொஞ்சம் யோசித்தான். "அப்பயும் கம்பி வேணாம். பாதுகாப்பு போட்டுரலாம், கண்ணுக்குத் தெரியாது" என்றான்.

சிலையைச் சுற்றிப் பத்துக் கட்டை தூரத்துக்கு எல்லை குறித்தோம். யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், கிட்டே நிற்கலாம், தொடலாம். பெயர்க்க மட்டும் முடியாது. அந்த அனுமதி யாருக்கு என்று கேட்கிற இடத்தில் ஏழு பேர் பெயரை அடித்தோம். நண்பன் பெயர் ஆறாவது. ஏழாவது அம்மா. அதற்கு மவுஸ் பிடிக்கத் தெரியாதே என்றேன். "தெரியாட்டி என்ன, பேரு இருக்கட்டும்" என்று பையன் என்டரைத் தட்டினான்.